சூப்பர் மாரியோ (1985) பிளாக் எல்லாம் உள்ளே எப்படி வேலை செய்யுது? ஒரே தாவல்ல ரெண்டு செங்கல் உடையுது

#1 பிக்சல்பித்தன்

கோடோ 4-ல (கேம் செய்யுற இன்ஜின்) பழைய சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மாதிரியே ஒரு லெவல் கட்டிட்டு இருக்கேன். ஓட்டமும் தாவலும் ஓரளவு ஒரிஜினல் மாதிரியே வந்துடுச்சு. பிளாக்குகள்தான் படுத்துது. நாலு சந்தேகம்:

1. ரெண்டு செங்கலுக்கு நடுவுல நின்னு தாவினா ரெண்டும் சேர்ந்து உடையுது. ஒரிஜினல்ல எப்பவுமே ஒண்ணுதான் உடையும். எதை உடைக்கணும்னு அது எப்படி முடிவு பண்ணுது?

2. இடிக்க இடிக்க காயின் கொட்டுற செங்கலுக்கு 10 தடவைன்னு ஒரு கவுன்ட்டர் வெச்சிருக்கேன். ஆனா ஒரிஜினல் வீடியோக்கள்ல ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறுதே?

3. கண்ணுக்குத் தெரியாத பிளாக். ஒன்-வே கொலிஷன் (ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் தடுக்கிற மோதல்) போட்டா கீழேர்ந்து ஊடுருவிப் போயிடுறான், மேலேர்ந்து விழுந்தா அந்தரத்துல நிக்கிறான். எனக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர்.

4. செங்கலைக் கீழேர்ந்து இடிச்சா மேல நிக்கிற கூம்பா (நடந்து வர்ற சின்ன எதிரி) சாகணும். ஏரியா2டி (உள்ள யார் வந்தாங்கன்னு கண்டுபிடிக்கிற கோடோ நோடு) வெச்சுப் பார்க்கிறேன். பக்கத்துச் செங்கல்ல நிக்கிறதும் சேர்ந்து சாகுது.

ஒரிஜினல் எப்படிச் செய்யுதுன்னு தெரிஞ்சவங்க சொன்னா அப்படியே எழுதிக்குவேன்.

#2 6502_கதிர்

அந்த விளையாட்டில் பிளாக் என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. இதை முதலில் பிடித்துக்கொண்டால் நான்கு கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

கன்சோலின் ரேம் மொத்தமே 2 கேபி. அதில் 416 பைட்டை ஒதுக்கி, 13 வரிசை, 16 பத்தி என இரண்டு திரைக்கான கட்ட அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் 16×16 பிக்சல். கட்டத்துக்கு ஒரே ஓர் எண். காலி என்றால் 0. காயின் உள்ள கேள்விக்குறிப் பிளாக்குக்கு ஓர் எண், காளான் உள்ளதற்கு வேறோர் எண். திரையில் மட்டும் இரண்டும் ஒரே படம். நட்சத்திரச் செங்கல், ஏறிப்போகும் செடிக்கொடி உள்ள செங்கல், சும்மா செங்கல் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். “உள்ளே என்ன இருக்கிறது” என்று வேறெங்கும் எழுதி வைப்பதில்லை. எண்ணே உள்ளடக்கம்.

முதல் கேள்வி. மாரியோவின் தலை ஒரு பெட்டி அல்ல, ஒரு புள்ளி. அவன் உருவம் 16 பிக்சல் அகலம். இடது ஓரத்திலிருந்து 8-ஆவது பிக்சலில் அந்தப் புள்ளி இருக்கிறது. அது எந்தக் கட்டத்துக்குள் நுழைகிறதோ அந்தக் கட்டம் மட்டுமே இடிபடும். காலுக்கு இரண்டு புள்ளிகள் (3, 12), பக்கவாட்டுக்கு இடப்புறம் 2, வலப்புறம் 13. தலைக்கு ஒன்றே ஒன்று. ஆகவே இரண்டு செங்கல் ஒரே நேரத்தில் உடைய வழியே இல்லை.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. செங்கலின் ஓரத்தில் தோள் மட்டும் படும்படி தாவினால் தலைப்புள்ளி காலிக் கட்டத்தில் இருக்கும், தாவல் நிற்காது. பக்கவாட்டுப் புள்ளிதான் செங்கலுக்குள் மாட்டும், உடனே ஃப்ரேமுக்கு (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரம், விநாடிக்கு 60) 1 பிக்சல் வீதம் அவனை வெளியே தள்ளும். ஓரத்தில் வழுக்கி மேலே போவது போன்ற அந்த உணர்வு இதிலிருந்துதான் வருகிறது. அதற்கென்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை.

இடித்த ஃப்ரேமில் நடப்பது இது. கட்டத்தின் பழைய எண்ணைப் பார்த்து, முடிந்தபின் அங்கே என்ன எண் வரவேண்டும் என்று அப்போதே தீர்மானித்துத் தனியே வைத்துக்கொள்கிறது. கட்டத்தில் 23 என்ற எண்ணை எழுதுகிறது (பதினாறடிமானம்). இந்த 23-க்குப் படம் கிடையாது, ஆனால் திடமானது. பின்னணியில் இருந்த படம் அழிக்கப்பட்டு, அதே உருவத்தில் ஒரு ஸ்ப்ரைட் (பின்னணிக்கு மேல் தனியாக நகரக்கூடிய படம்) மேலே எறியப்படுகிறது. ஏனென்றால் அந்தக் கன்சோலில் பின்னணியில் ஒரு டைலை மட்டும் தனியாக நகர்த்த முடியாது. எறியும் வேகம் ஃப்ரேமுக்கு 2 பிக்சல், ஈர்ப்பு ஃப்ரேமுக்கு 80/256 பிக்சல். சுமார் 6 பிக்சல் எழும்பி, கிட்டத்தட்ட 13 ஃப்ரேமில் பழைய இடத்துக்கு வந்துவிடும். வந்ததும் ஸ்ப்ரைட் போய்விடும், தனியே வைத்திருந்த எண் கட்டத்தில் ஏறும், படமும் திரும்ப வரையப்படும். காலியான பிளாக் என்றால் அந்தப் பழுப்புக் கட்டையின் எண். சின்ன மாரியோ இடித்த வெறும் செங்கல் என்றால் பழைய எண்ணே.

கூடவே 16 ஃப்ரேமுக்கு ஒரு பூட்டு. அது ஓடும் வரை வேறெந்தப் பிளாக்கை இடித்தாலும் தாவல் நிற்குமே தவிர பிளாக் அசையாது. தண்ணீருக்குள் நடக்கும் லெவல்களில் இந்தப் பகுதியே தவிர்க்கப்படுகிறது. அங்கே தலை எதில் பட்டாலும் வெறும் தடைதான்.

நான்காவது கேள்விக்கும் விடை அதே 23-தான். கூம்பாவைச் செங்கல் கொல்வதில்லை. ஒவ்வொரு எதிரியும் தன் காலடியில் நடுப்புள்ளியில் உள்ள எண்ணைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே 23 தென்பட்டால் “கீழே இருந்து இடி விழுந்திருக்கிறது” என்று பொருள். கூம்பா செத்துவிழும், ஆமை எதிரியான கூப்பா ஓட்டுக்குள் சுருங்கித் தலைகீழாகும், உங்களுக்கு 100 புள்ளி. நடுப்புள்ளி பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. பெரிய மாரியோ செங்கலை உடைக்கும்போதும் முதலில் 23 எழுதப்படுவதால் மேலே நிற்பது அப்போதும் சாகும்.

மேலே காயின் மிதந்துகொண்டிருந்தால் அதற்குத் தனிச் சோதனை உண்டு: இடிபட்ட கட்டத்துக்கு நேர் மேல் கட்டத்தில் காயின் எண் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்கிறது.

#3 கோடோக்காரி

கதிர் சொன்னதை கோடோவுக்கு மாத்துறப்போ எங்கெங்க இடறும்னு மட்டும் சொல்றேன்.

கூரையில முட்டினா, மூவ் அண்ட் ஸ்லைடு (ஆளை நகர்த்துற கோடோ ஃபங்ஷன்) முடிஞ்சதும் வெலாசிட்டியோட ஒய் மதிப்பு 0 ஆயிடும். அதுக்கப்புறம் “மேல போறானா”ன்னு கேட்டா எப்பவுமே இல்லைன்னுதான் வரும். அதனால கூப்பிடுறதுக்கு முன்னாடியே அந்த மதிப்பை ஒரு மாறியில எடுத்து வெச்சுக்கங்க. கூரையில பட்டுட்டான்னா, ஸ்லைடு கொலிஷன் பட்டியலைச் சுத்தி வராதீங்க. உங்களுக்கு ரெண்டு செங்கல் உடையுறதுக்குக் காரணமே அதுதான். பெட்டி ரெண்டு டைல்லயும் பட்டா பட்டியல்ல ரெண்டும் வந்து நிக்கும். தலை நடுவுக்கு 1 பிக்சல் மேல ஒரு புள்ளி எடுத்து, டைல்மேப் லேயரோட லோக்கல்-டு-மேப்ல (புள்ளி எந்தக் கட்டத்துல இருக்குன்னு சொல்ற ஃபங்ஷன்) குடுத்து வர்ற ஒரே கட்டத்தை மட்டும் இடிங்க.

ஆனா பெட்டி அகலமா இருக்கிறதால ஓரத்துல தோள் பட்டாலும் தாவல் நின்னு போகும். ஒரிஜினல் வழுக்கல் வேணும்னா, நகர்த்துறதுக்கு முன்னாடி டெஸ்ட்-மூவ் (நகர்த்தாமலே முட்டுமான்னு சோதிக்கிற ஃபங்ஷன்) வெச்சுப் பாருங்க: நேரா மேல போனா முட்டுது, தலை நடுவுக்கு மேல உள்ள கட்டம் காலி, அப்படின்னா இடம் வலமா 1-லிருந்து 6 பிக்சல் வரைக்கும் நகர்த்திப் பார்த்து, முட்டாத முதல் இடத்துக்குத் தள்ளிடுங்க. 6-க்கு மேல வேண்டாம். அதுக்கு மேல போனா ஆள் டெலிபோர்ட் ஆகுற மாதிரி தெரியும்.

பிளாக் குதிக்கும்போது செல்லை அழிச்சுட்டு ஸ்ப்ரைட் மட்டும் விட்டா, அந்த 13 ஃப்ரேமுக்கு அங்க ஓட்டை. மேல நிக்கிற காளான் உள்ள விழுந்து மாட்டிக்கும். படம் இல்லாத, கொலிஷன் மட்டும் இருக்கிற ஒரு டைல் செஞ்சு அதை அங்க வைங்க. அதுதான் உங்க 23. அந்த டைலுக்குக் கஸ்டம் டேட்டாவுல (டைலோட நாமளே சேர்த்து வைக்கிற தகவல்) ஒரு கொடி (ஆமா/இல்லைன்னு குறிக்கிற மாறி) வெச்சா, கூம்பா தன் காலடியைப் பார்த்துத் தானே செத்துக்கும். ஏரியா2டி எல்லாத்தையும் தூக்கிடலாம்.

உள்ளடக்கத்துக்கும் கஸ்டம் டேட்டாதான் சரி. ஒவ்வொரு பிளாக்கையும் தனி சீனா வெச்சு அதுக்குள்ள ஸ்கிரிப்ட் எழுதினா 200 பிளாக் உள்ள லெவல்ல தேவையில்லாம 200 நோடு.

மறைஞ்ச பிளாக்குக்குக் கொலிஷனே வேண்டாம். ஒன்-வேயை 180 டிகிரி திருப்பிப் போடலாம்னு சிலர் சொல்வாங்க. பக்கத்துலேர்ந்து உள்ள வந்துட்டு மேல எழும்புறப்போ அது தகராறு பண்ணும். மேல போறப்போ மட்டும், தலைப்புள்ளி போன ஃப்ரேம்ல கட்டத்தோட கீழ்விளிம்புக்குக் கீழ இருந்துச்சா, இந்த ஃப்ரேம்ல உள்ள வந்துடுச்சான்னு பாருங்க. ஆமான்னா, ஆளைக் கீழ்விளிம்புக்கு இறக்கி வெச்சு, வேகத்தை 0 ஆக்கி, வழக்கமான இடியை நடத்துங்க.

#4 6502_கதிர்

ஒரிஜினலும் அப்படித்தான். மாரியோ கீழிறங்கும்போது தலைச் சோதனையே நடக்காது. கால், பக்கம் இரண்டின் சோதனையிலும் மறைந்த பிளாக்கின் இரு எண்களைக் கண்டால் “ஒன்றுமில்லை” என்று விட்டுவிடும், எதிரிகளுக்கும் அப்படியே. இடித்தபின் அது பழுப்புக் கட்டையாகிவிடுவதால் பிறகு எல்லாருக்கும் தரை.

விட்டுப்போன இரண்டாவது கேள்வி. காயின் செங்கலில் எண்ணிக்கை இல்லை, நேரம்தான் இருக்கிறது. முதல் இடியில் ஒரு டைமரில் 11 போடப்படுகிறது. இந்த வகை டைமர்கள் ஒவ்வொரு ஃப்ரேமும் குறையாது. 21 ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் குறையும். அந்த 21-இன் சுற்று எங்கே இருக்கும்போது இடித்தீர்கள் என்பதைப் பொறுத்து மொத்தம் 210-க்கும் 231-க்கும் இடைப்பட்ட ஃப்ரேம்கள், அதாவது மூன்றரையிலிருந்து 3.85 விநாடி. அதற்குள் எத்தனை முறை இடிக்க முடிகிறதோ அத்தனை காயின்.

முக்கியமானது: டைமர் தீர்ந்ததும் செங்கல் தானாக மாறாது. தீர்ந்த பிறகு விழும் முதல் இடிதான் அதைக் காலியாக்கும், அந்த இடிக்கும் காயின் உண்டு. ஆகவே ஒருமுறை இடித்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தாலும் இன்னொரு காயின் உங்களுக்காகக் காத்திருக்கும், அத்தோடு சரி.

“டைமர் ஓடுகிறது” என்ற கொடி விளையாட்டு முழுமைக்கும் ஒன்றே ஒன்று. அடுத்த காயின் செங்கல் திரையின் வலப்புறத்தில் தயாராகும்போதுதான் அது 0 ஆகிறது. எனவே இரண்டு காயின் செங்கற்களை ஒரே திரையில் வைத்தால், முதலாவதை இடித்து டைமர் தீர்ந்த பிறகு இரண்டாவது ஒரே ஒரு காயினோடு காலியாகிவிடும். லெவல் எடிட்டரில் மாற்றி விளையாடுபவர்கள் இதைப் பிழை என்பார்கள். நீங்கள் பிளாக்குக்குத் தனித்தனி டைமர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கோடோவின் டைமர் நோடைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு இடியிலும் மறுபடி ஸ்டார்ட் கொடுத்துவிடாதீர்கள். செங்கல் தீரவே தீராது. நின்றிருக்கிறதா என்று பார்க்காமல், ஒருமுறை தொடங்கியதா என்று தனியாக ஒரு கொடி வேண்டும்.

#5 கேசட்_காலம்

ஒரு சின்னச் சேர்க்கை. கதிர் சொல்லும் விநாடிக் கணக்கு 60 ஃப்ரேம் ஓடும் கன்சோலுக்கு. 50 ஹெர்ட்ஸ் டிவிக்காகச் செய்த குளோன் பெட்டிகளில் இதே கோட் ஓடினால் 231 ஃப்ரேம் என்பது 4.6 விநாடி. தாவலும் அதே விகிதத்தில் மந்தமாவதால் காயின் கணக்கு மாறாது. அந்தப் பெட்டியில் எடுத்த வீடியோவை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து நேரத்தை எழுதிக்கொள்ளாதீர்கள். ஃப்ரேம் கணக்கையே வையுங்கள், ஃபிசிக்ஸ் டிக்கை 60-இல் விடுங்கள்.

#6 பிக்சல்பித்தன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தலைப்புள்ளி போட்டதும் முதல் பிரச்சினை போயிடுச்சு, 23 டைல் கூம்பாவைத் தீர்த்துடுச்சு.

இன்னும் மூணு. காளானா பூவான்னு எப்போ முடிவாகுது, இடிக்கும்போதா எடுக்கும்போதா? பிளாக் மேல காளான் போயிட்டிருக்கும்போது கீழேர்ந்து இடிச்சா அது எந்தப் பக்கம் திரும்பணும்? அப்புறம் 1-1 லெவல்ல (முதல் உலகத்தோட முதல் லெவல்) அந்த மறைஞ்ச ஒன்-அப் (கூடுதல் உயிர் தர்ற பிளாக்) சில நேரம் இருக்கு, சில நேரம் இல்ல. ரேண்டமா அது?

#7 6502_கதிர்

படம் முடிவாவது இடிக்கும்போது, பலன் முடிவாவது எடுக்கும்போது. பிளாக்குக்கு ஒரே எண்தான். இடிக்கும் நொடியில் மாரியோ சின்னவன் என்றால் காளான், பெரியவனோ நெருப்பு மாரியோவோ என்றால் பூ. ஆனால் எடுக்கும் பகுதி, வந்தது காளானா பூவா என்று பார்ப்பதே இல்லை. மாரியோவின் நிலையை மட்டும் பார்த்து ஒரு படி உயர்த்துகிறது. எனவே பூ வெளிவந்தபின் அடிவாங்கிச் சின்னவனாகி அதே பூவை எடுத்தால் பெரியவன்தான் ஆவான், நெருப்பு வராது. முன்பே நெருப்பு மாரியோ என்றால் 1000 புள்ளி மட்டும்.

காளானும் எதிரிகள் பட்டியலில் உள்ள பொருளே. காலடியில் 23 தென்பட்டால் ஃப்ரேமுக்கு 3 பிக்சல் வேகத்தில் எகிறி, மாரியோவிடமிருந்து விலகும் திசையில் போகும். அதன் இடப்புறம் நின்று இடித்தால் வலப்பக்கம், வலப்புறம் என்றால் இடப்பக்கம். முன்பு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பது கணக்கில் இல்லை. வெறுமனே திசையைத் தலைகீழாக்கும் கோட் பல நகல்களில் இருக்கிறது. அதுதான் பள்ளத்துக்குள் காளானைக் கொண்டுபோய்த் தள்ளுவது.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும்: செங்கலை உடைக்கும்போதும் வெறுமனே முட்டும்போதும் மாரியோவின் வேகம் வேறு. முட்டினால் 0. உடைத்தால் மேல்நோக்கி 2 பிக்சல் மிச்சம் வைக்கிறார்கள், 50 புள்ளியும் நான்கு சில்லும். உடைக்கும்போது கொஞ்சம் துளைத்துக்கொண்டு போவது போல இருப்பது அதனால்தான். இரண்டுக்கும் 0 வைத்தால் செங்கல் கனமாகத் தெரியும். உடையுமா உடையாதா என்பது உருவ அளவை மட்டுமே பார்க்கும். பெரிய மாரியோ குனிந்தபடி தாவினாலும் உடையும்.

#8 கேசட்_காலம்

ஒன்-அப் ரேண்டம் இல்லை. 1-1-இல் நான்காவது குழாய்க்கும் முதல் பள்ளத்துக்கும் நடுவே உள்ளதைத்தானே சொல்கிறீர்கள்? அதற்கு ஒரு கொடி இருக்கிறது. விளையாட்டைத் தொடங்கும்போது கொடி ஏற்றப்பட்டிருக்கும். அந்த இடம் திரைக்குத் தயாராகும் நொடியில், கொடி இருந்தால் பிளாக்கை வைத்துவிட்டுக் கொடியை இறக்கிவிடும். நீங்கள் இடித்தீர்களா என்பது பொருட்டே இல்லை. அதைக் கடந்துபோய்ச் செத்துத் திரும்பி வந்தால் பிளாக் இருக்காது.

மறுபடி கொடி ஏற இரண்டு வழி. வார்ப் குழாயில் (நேராக வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) புகுந்தால் ஏறும். அல்லது அந்த உலகத்தின் மூன்றாவது லெவலில் போதுமான காயின் சேர்த்து முடித்தால் அடுத்த உலகத்துக்கு ஏறும்: 1-3-இல் 21, 2-3-இல் 35, 3-3-இல் 22, இப்படி உலகத்துக்கு ஓர் அளவு. 2-1-இல் ஒன்-அப்பைக் காணோம் என்பவர்கள் 1-3-இல் காயினை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள்.

#9 பிக்சல்பித்தன்

அருமை. கடைசியா ஒண்ணு: கேள்விக்குறி பிளாக் மினுக்குறது எனக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல மினுக்குது. ஒரிஜினல்ல எல்லாம் ஒண்ணா மினுக்கும்.

#10 கோடோக்காரி

டைல்செட்ல அனிமேஷன் மோடு “ரேண்டம் ஸ்டார்ட் டைம்ஸ்”ல இருக்கு பாருங்க. டிஃபால்ட்டுக்கு மாத்துங்க.

ஒரிஜினல்ல படம் மாறுறதே இல்ல. பின்னணி கலர் பேலட்ல ஒரே ஒரு நிறத்தை 8 ஃப்ரேமுக்கு ஒரு தடவை மாத்துறாங்க, ஆறு படி: மூணு படி பளிச்சுன்னு ஆரஞ்சு, அடுத்தது மங்கல், அடுத்தது பழுப்பு, மறுபடி மங்கல். மொத்தம் 48 ஃப்ரேம். அதே நிறத்தைத்தான் மிதக்கிற காயினும் பயன்படுத்துது, அதனால அதுவும் கூடவே மினுக்கும். உங்க டைல் அனிமேஷன்ல நாலு படம் வெச்சு முதல் படத்துக்கு 0.4 விநாடி, மத்த மூணுக்கும் 0.133 விநாடி குடுங்க. காயினுக்கும் இதே நேரம். காயின் தனி ஸ்ப்ரைட்டா இருந்தா லெவல் நடுவுல ஸ்பான் ஆகுறது தாளம் தப்பும். அதையும் டைலாவே வெச்சுடுங்க.